அயர்லாந்தில் பழைய வீடு வாங்கினால்: கை வைப்பதற்கு முன் ஒரு கடிதம்

அயர்லாந்தின் கில்டேர் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) பழைய வீடுகள் என்றால் 1722இல் கட்டத் தொடங்கிய காசில்டவுன் மாளிகையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அந்தப் பகுதியின் உள்ளாட்சி அமைப்பான கவுண்டி கவுன்சிலின் 'பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள்' பதிவேட்டில் கடைவீடு, ஆலை, பாலம், தெருவோரத் தண்ணீர் பம்பு எதுவும் இருக்கலாம். எனவே வீடு வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பதிவேட்டைத்தான். கவுண்டி வளர்ச்சித் திட்டத்தோடு அதுவும் வெளியாகும். மரபுக் கட்டடங்களை நாடு முழுவதும் பட்டியலிடும் தேசியக் கட்டட மரபுக் கணக்கெடுப்பு வேறு. அதில் பெயர் இருப்பதால் மட்டும் சட்டப் பாதுகாப்பு வந்துவிடாது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

பதிவேட்டில் ஏறிய வீட்டில் முகப்பு மட்டும்தான் பாதுகாக்கப்படுகிறது என்று நினைக்க வேண்டாம். உள்ளே இருக்கும் மாடிப்படி, கணப்பு, கூரைப் பூவேலை, வளாகத்தில் உள்ள லாயம், மதில் எல்லாமே சேர்த்தி. சாதாரண வீட்டுக்குப் பின்புறம் 40 சதுர மீட்டர் வரை அனுமதியின்றிக் கட்டும் சலுகை உண்டு. இங்கே அந்தக் கணக்கு அப்படியே செல்லாது. கட்டடத்தின் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும் அனுமதி வேண்டும், உள்ளே ஒரு சுவரை இடிப்பதானாலும் சரி.

எது தன்மையை மாற்றும், எது மாற்றாது? இதை நீங்களே முடிவு செய்ய வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி, உரிமையாளரோ குடியிருப்பவரோ கவுன்சிலுக்கு எழுதிக் கேட்கலாம். கட்டணம் இல்லை. எந்தெந்த வேலைக்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம் என்று கவுன்சில் 12 வாரத்துக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். பதிலில் உடன்பாடு இல்லையென்றால் 4 வாரத்துக்குள் மேல்முறையீட்டு அமைப்பிடம் மறுபரிசீலனை கேட்கலாம். 2024ஆம் ஆண்டின் புதிய சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருவதால், பிரிவு எண்ணையும் காலக்கெடுவையும் கவுன்சிலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் 'பழுதுபார்ப்பு' என்று பொதுவாக எழுதினால் பதிலும் பொதுவாகத்தான் வரும். ஒவ்வோர் அறைக்கும் படம் வையுங்கள், ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஜன்னலையே எடுத்துக்கொள்வோம். மேலும் கீழும் நகரும் பழைய ஜன்னலில் பெரும்பாலும் உளுத்திருப்பது அடிச்சட்டமும் அதன் கீழுள்ள திண்ணைக்கட்டையும்தான். உளுத்த பகுதியை மட்டும் அறுத்தெடுத்து அதே வகை மரத்தை ஒட்டி, உள்ளே எடைக்கட்டியைத் தாங்கும் கயிற்றையும் மாற்றினால் ஜன்னல் இன்னும் பல காலம் உழைக்கும். லேசான அலையோடும் அந்தப் பழைய கண்ணாடியும் தப்பிக்கும். இத்தகைய பழுதுபார்ப்பு பொதுவாக அனுமதி கேட்காது. பிளாஸ்டிக் ஜன்னல் வைத்தால் கேட்கும்.

அதிகம் கெடுவது சுவரில்தான். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கல்சுவர் உள்ளே போன ஈரத்தைத் தானே வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும், உறைபனியில் கல்லின் முகம் பெயர்ந்து விழும். பூசியதை உடைத்தெடுக்கும்போது கல்லும் சேர்ந்தே வரும். ஈரம் என்று தெரிந்ததும் மேஸ்திரியைக் கூப்பிடாமல், முதலில் மழைநீர்க் குழாயும் கூரை ஓரமும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

அனுமதி தேவை என்று வந்தால், மரபுக் கட்டடங்களில் தகுதி பெற்ற கட்டடக்கலைஞரை அமர்த்துவது நல்லது. செய்தித்தாள் அறிவிப்பிலும் வாசலில் வைக்கும் அறிவிப்பிலும் 'பாதுகாக்கப்பட்ட கட்டடம்' என்ற சொல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். சட்ட அனுமதியின்றிப் பாதுகாக்கப்பட்ட கட்டடத்தைச் சேதப்படுத்துவது குற்றம், உரிமையாளரே செய்தாலும். கடுமையான குற்றமாக மேல்நிலை நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கில் சுமார் 1.27 கோடி யூரோ வரை அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் விதிக்கச் சட்டம் இடம்கொடுக்கிறது.

செலவுக்கு, கவுன்சில் வழியாக மானியம் தரும் மரபுக் கட்டட முதலீட்டுத் திட்டம் இருக்கிறது. வேலை முடிந்து, பார்வையிட்ட பிறகே பணம் வரும். ஆகவே வேலைக்கான பணம் முதலில் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஒப்புதல் கடிதம் வருமுன் ஆரம்பித்த வேலைக்கு மானியம் கிடைக்கும் என்று நம்பிச் சாரம் கட்டாதீர்கள்.