சொல் விளக்கம்: குயர்

ஆண், பெண் என்று இரண்டே பாலினம்தான், காதலும் அந்த இரண்டுக்கும் இடையில் மட்டும்தான் என்ற வழக்கத்துக்குள் அடங்காத எல்லாரையும் சேர்த்துக் குறிக்கும் ஆங்கிலப் பொதுப்பெயர் குயர் (queer). தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், இருபாலீர்ப்பு உள்ளவர்கள், திருநர், எந்தப் பாலினக் கட்டத்திலும் தங்களை வைத்துக்கொள்ளாதவர்கள் என எல்லாருக்கும் இதில் இடம் உண்டு. குயர் இலக்கியம், குயர் சினிமா என்று அடைமொழியாகவும் வரும்.

பிறப்பில் இது கெட்ட சொல் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் 'விசித்திரமான', 'ஒரு மாதிரியான' என்ற பொருளில் புழங்கியது. 'குறுக்கே' என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லோடு இதற்கு உறவு இருக்கலாம் என்று அகராதிக்காரர்கள் கருதுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் வசவானது. தன்பாலீர்ப்புக்காக எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட் சிறைக்குப் போகக் காரணமாக இருந்த குவீன்ஸ்பெரி பிரபு, 1894இல் எழுதிய ஒரு கடிதத்தில் இதைத் திட்டுவதற்குப் பயன்படுத்தியிருக்கிறார். அப்புறம் ஏறக்குறைய நூறு வருடம் பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் இது அடிக்கு முன்னால் வரும் சொல்லாகவே இருந்தது.

1990இல் நியூயார்க்கில் 'குயர் நேஷன்' என்ற இயக்கம் அந்த வசவையே தன் பெயராக எடுத்துக்கொண்டது. எய்ட்ஸ் நோயில் நண்பர்கள் கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த காலம் அது. நல்ல பிள்ளைகள் என்று பெயர் வாங்க வேண்டிய தேவை இனி இல்லை என்ற கோபம் அந்தச் சொல்லில் ஏறியது. அதே ஆண்டு லண்டனில் 'அவுட்ரேஜ்' இயக்கம் பிறந்தது. அதோடு நெருக்கமாக இருந்தவர் டெரெக் ஜார்மன்.

ஜார்மனை (1942–1994) பலருக்கும் திரைப்பட இயக்குநராகத்தான் தெரியும். ஓவியர், தோட்டக்காரர், எல்லாவற்றுக்கும் மேலாக அருமையான உரைநடைக்காரர். 1986 டிசம்பரில் எச்.ஐ.வி. தொற்று உறுதியானதும் அதை வெளிப்படையாகச் சொன்னார். அப்படிச் சொல்லப் பெரும்பாலோர் அஞ்சிய காலம் அது. 1988இல் பிரிட்டனில் மார்கரெட் தாட்சர் அரசு, உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிக்கக் கூடாது' என்று உள்ளாட்சிச் சட்டத்தில் 28ஆம் பிரிவைக் கொண்டுவந்தது. அதற்கு ஜார்மன் கொடுத்த பதிலில் ஒன்று 'எட்வர்ட் 2' (1991) என்ற படம். 14ஆம் நூற்றாண்டு அரசர் ஒருவரின் காதலைப் பற்றி ஆங்கில நாடகாசிரியர் மார்லோ எழுதிய பழைய நாடகத்தை எடுத்து, அவுட்ரேஜ் இயக்கத்தினரையே போராட்டக்காரர்களாக உள்ளே நிறுத்தினார். அதன் திரைக்கதைப் புத்தகத்துக்கு 'குயர் எட்வர்ட் 2' என்று பெயர் வைத்து, 28ஆம் பிரிவு ஒழிய வேண்டும் என்று காணிக்கையில் எழுதினார். முன்பு தன்னைப் பயமுறுத்திய இந்தச் சொல் இப்போது விடுதலை தருகிறது என்று பின்னர் எழுதினார்.

அவருடைய கடைசிப் பெரிய படைப்பு 'ப்ளூ' (1993) என்ற படம். 79 நிமிடமும் திரையில் நீல நிறம் மட்டும்தான். காட்சி எதுவும் கிடையாது. நோயால் கண் பார்வை போய்க்கொண்டிருந்த மனிதரின் மருத்துவமனைக் குறிப்புகளும் கவிதையும் நண்பர்களின் சாவுச் செய்திகளும் குரல்களாக மட்டும் வரும். நடுவில் ஓர் இடத்தில், தன்மேல் எறியப்பட்ட, எறியக்கூடிய வசவுகளையெல்லாம் மூச்சு விடாமல் தானே அடுக்கிக்கொள்கிறார். ஒன்றோடொன்று பொருந்தாத சொற்கள். 'தவறான கலைச்சொல்' என்பதும் அந்த அடுக்கில் உண்டு. கடைசியில், தான் 'கே' (ஆண்களை நேசிக்கும் ஆண்) இல்லை என்று முடிக்கிறார். ஆண்களை நேசித்த ஒருவர் அப்படிச் சொல்லக் காரணம் இருக்கிறது. 'கே' என்ற சொல் அதற்குள் மரியாதைப்பட்ட, சந்தைக்குப் பழகிப்போன சொல்லாக அவருக்குப் பட்டது.

2023இல் இயக்குநர் நீல் பார்ட்லெட் அதே எழுத்தை 'ப்ளூ நவ்' என்ற பெயரில் மேடைக்குக் கொண்டுவந்தார். பின்னால் நீலத் திரை, முன்னால் நான்கு பேர், படத்துக்கு இசையமைத்த சைமன் ஃபிஷர் டர்னரின் இசை நேரடியாக. வாசித்தவர்கள் யார் என்று பாருங்கள்: நடிகர் ரஸல் டோவி, எழுத்தாளரும் நிகழ்த்துகலைஞருமான டிராவிஸ் அலபான்சா, கவிஞர் ஜே பெர்னார்ட், 2021ஆம் ஆண்டுக்கான டி. எஸ். எலியட் பரிசு பெற்ற கவிஞர் ஜோயல் டெய்லர். டோவி 'கே' ஆண். அலபான்சா திருநர். டெய்லர் லெஸ்பியன். பெர்னார்ட் ஆண், பெண் இரண்டிலும் தன்னை வைக்காதவர், கறுப்பினக் கவிஞரும்கூட. 'கே இலக்கியம்' என்று பெயர் ஒட்டியிருந்தால் அந்த மேடையில் டோவிக்கு மட்டுமே உரிமை இருந்திருக்கும். ஒரு வெள்ளை ஆணின் மரணக் குறிப்பை இந்த நான்கு பேரும் தங்கள் சொத்தாக எடுத்து வாசிக்க இடம் கொடுத்தது குயர் என்ற சொல்தான். இந்தச் சொல் எதற்கு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த மேடையை.

சரி, தமிழில் என்ன சொல்வது? நம் செய்தித்தாள்கள் பல காலம் எழுதிய 'ஓரினச்சேர்க்கையாளர்' ஈடாகாது. 'சேர்க்கை' ஒரு மனிதரின் மொத்த வாழ்க்கையையும் படுக்கையறைக்குள் அடைத்துவிடுகிறது. 'தன்பாலீர்ப்பாளர்' நல்ல சொல், ஆனால் பொருள் குறுகியது. குயர் சமூகத்தினரிடம் புழங்கி இன்று நிலைபெற்றிருப்பது 'பால்புதுமையர்'. 'பால்புதுமையினர்' என்றும் எழுதுகிறார்கள். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கின் தொடர்ச்சியாக, 2022 ஆகஸ்டில் தமிழக அரசு இவ்வகைச் சொற்களின் பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டது.

ஆண்பால், பெண்பால் என்று இலக்கணம் சொல்லும் அதே 'பால்'தான் இதில் இருக்கிறது. 'புதுமை'யைப் பற்றி ஓர் ஆட்சேபம் உண்டு: இதெல்லாம் என்ன புதுசா? மார்லோவையும் மத்தியகால அரசரையும் தேடிப்போன ஜார்மன் சொன்னதும் புதுசில்லை என்பதைத்தானே? நியாயமான கேள்வி. ஆனால் தமிழில் புதுமைக்கு 'புதியது' மட்டும் பொருள் இல்லை. வியப்பு, அதிசயம் என்ற பொருளும் பழசு. கத்தோலிக்கக் குடும்பங்களில் இன்றும் 'இயேசு செய்த புதுமைகள்' என்றுதான் சொல்வார்கள். வழக்கத்துக்கு மாறானது என்பதில் தொடங்கும் குயருக்கு இந்தப் பொருள் நன்றாகவே பொருந்துகிறது.

பொருந்தாத இடமும் இருக்கிறது. பால்புதுமையர் பிறக்கும்போதே மரியாதையோடு பிறந்த சொல். யாரும் அதைச் சொல்லி யாரையும் அடித்ததில்லை. தமிழில் அந்த வேலையைச் செய்தவை 'ஒன்பது' போன்ற வசவுகள். அவற்றைத் திருப்பி எடுத்துக்கொள்வதைவிட 'திருநங்கை' போலப் புதுச்சொல் ஆக்குவதே இங்கே அதிகம் நடந்திருக்கிறது. ஆகவே ஜார்மனின் புத்தகத் தலைப்பைத் தமிழாக்கும்போது 'குயர்' என்றே விட வேண்டும்; அந்தச் சொல்லின் காயம் அதில் தெரிய வேண்டும். 'ப்ளூ நவ்' பற்றிச் செய்தி எழுதினால் 'பால்புதுமையர் கலைஞர்கள்' என்று தாராளமாக எழுதலாம். ஒருவர் தம்மைத் திருநங்கை என்றோ லெஸ்பியன் என்றோ சொல்லிக்கொண்டால் அந்தப் பெயரையே எழுதுங்கள். பழைய காலத்து அடியை வாங்கிய முதியவர்கள் சிலருக்குக் குயர் இன்னும் வசவாகத்தான் கேட்கிறது. அவர்களை அப்படி அழைப்பதற்கு முன் கேட்டுவிட வேண்டும்.