நெம்புகோல்: சொல் விளக்கம்

பஞ்சர் கடையில் சைக்கிள் டயரைக் கழற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். டயருக்கும் ரிம்முக்கும் நடுவே ஒரு தட்டை இரும்பைச் செருகிவிட்டு, "லீவர் போட்டு நெம்புப்பா" என்பார் கடைக்காரர். கருவிக்கு ஆங்கிலப் பெயர், அதை வைத்துச் செய்யும் வேலைக்குத் தமிழ்ப் பெயர். லீவருக்குத் தமிழில் என்ன சொல்வது என்று வெளியே தேட வேண்டியதில்லை. அவர் சொன்னதிலேயே இருக்கிறது. நெம்புகிற கோல், நெம்புகோல்.

நெம்புவது வெறுமனே தூக்குவது அல்ல. ஒன்றின் அடியிலோ இடுக்கிலோ முனையைக் கொடுத்து, மறுமுனையை அழுத்தி அதைக் கிளப்ப வேண்டும். இறுகிப்போன டப்பா மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்புகிறோம். திருட்டுச் செய்திகளில் 'பீரோவை நெம்பித் திறந்து' என்று வரும். அங்கே எதையும் தூக்கவில்லை, ஆனாலும் 'நெம்பி' என்ற சொல்தான் சரியாகப் பொருந்துகிறது.

இலக்கணப்படி இது வினைத்தொகை. நெம்பிய கோல், நெம்புகின்ற கோல், நெம்பும் கோல் என்று முக்காலத்துக்கும் விரியும். எழுதுகோல், ஊன்றுகோல் என்பவையும் இதே அமைப்புதான். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. அதனால் 'நெம்புக்கோல்' என்று எழுதுவது பிழை. கத்தரிக்கோலில் 'க்' வருகிறதே என்று கேட்கலாம். அங்கே கத்தரி என்பது கருவியின் பெயர். பெயரோடு கோல் சேர்வதால் மிகுகிறது. சொல்லப்போனால், கத்தரிக்கோலே நடுவில் திருகாணி போட்டுச் சேர்த்த இரண்டு நெம்புகோல்கள்தான்.

சரி, லீவர் எங்கிருந்து வந்தது? பிரெஞ்சில் அதன் வேர்ச்சொல்லுக்கு 'உயர்த்து' என்று பொருள். அதற்கும் பின்னால் 'இலேசான' என்ற பொருளுள்ள லத்தீன் சொல் நிற்கிறது. மாடிக்கு ஏற்றிச் செல்லும் எலிவேட்டரும் அதே குடும்பம். ஆக, லீவர் என்ற பெயர் கடைசியில் கிடைக்கும் பலனைச் சொல்கிறது: பொருள் உயர்கிறது, சுமை இலேசாகிறது. நெம்புகோல் என்ற பெயரோ வேலை நடக்கும் விதத்தையே சொல்லிவிடுகிறது. வகுப்பில் 'நெம்பு என்றால் என்ன, நீ எதை நெம்பியிருக்கிறாய்' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், பாதிப் பாடம் முடிந்தது. இந்தச் சொல்லை நான் இவ்வளவு விரும்புவதற்கு அதுவே காரணம்.

கொல்லையில் கிடக்கும் துவைகல்லை நகர்த்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எடை 180 கிலோ. இரண்டு பேர் சேர்ந்தாலும் அசையாது. 5 அடிக் கடப்பாரையின் முனையைக் கல்லின் ஓரத்தில் கொடுத்து, முனையிலிருந்து அரை அடி தள்ளி, பாரைக்கு அடியில் ஒரு சின்னக் கருங்கல்லை முட்டுக் கொடுக்கிறோம். முட்டிலிருந்து கல் அரை அடியில் இருக்கிறது, கை நாலரை அடியில். ஒன்பது மடங்கு. ஒரு பக்கத்தை மட்டும் கிளப்புவதால் பாரைமேல் விழும் சுமை ஏறக்குறைய பாதி, அதாவது 90 கிலோ. கை அழுத்த வேண்டியதோ 10 கிலோ அளவுக்குத்தான். இதில் எதுவும் இனாமாகக் கிடைக்கவில்லை. கல் ஓர் அங்குலம் கிளம்ப, கை ஒன்பது அங்குலம் கீழே இறங்க வேண்டும். பலத்தில் மிச்சம் பிடித்ததைத் தூரத்தில் கொடுத்துவிடுகிறோம். அந்த முட்டுக்கல்லை இன்னும் இரண்டு அங்குலம் துவைகல்லின் பக்கம் தள்ளிவைத்துப் பாருங்கள், வித்தியாசம் கையிலேயே தெரியும்.

அப்புறம் ஓர் எழுத்துச் செய்தி. கடப்பாரைக்குச் சின்ன 'ர' போதும். பாரை என்றால் இரும்புக் கம்பி. பாறையைப் பெயர்க்க உதவுவதால் 'கடப்பாறை' என்று எழுதும் பழக்கம் வந்திருக்கலாம்.

அந்த முட்டுக்கல் இருக்கும் இடத்துக்குத் தமிழ்நாட்டுப் பாடங்களில் ஆதாரப்புள்ளி என்று படித்தோம். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் அது பொறுதி. கருவி வெறும் 'நெம்பு', தூக்கப்படுவது சுமை, நாம் கொடுக்கும் விசை எத்தனம். பொறுதி அருமையான சொல். பொறுத்தல் என்றால் தாங்குதல். சுமையின் பாரம், கையின் அழுத்தம் இரண்டையும் அந்தப் புள்ளிதானே பொறுக்கிறது! இங்கும் அதை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் ஆசை.

எல்லா நெம்புகோலிலும் பொறுதி நடுவில் இருப்பதில்லை. பாக்குவெட்டியில் அது ஒரு கோடியில் இருக்க, பாக்கு நடுவில் இருக்கும். இடுக்கியில் நடுவே அழுத்துவது நம் விரல்கள்; அதில் பலம் மிச்சமாகாது, தணலுக்குள் கைக்குப் பதிலாக இரும்பு போகிறது, அவ்வளவுதான்.

இதே குடும்பத்தில் பழைய பெயர்கள் இன்னும் இரண்டு உண்டு. 'சமன்செய்து சீர்தூக்கும் கோல்' என்று குறள் சொல்வது துலாக்கோலை, அதாவது தராசை. இன்னொன்று கிணற்றடி ஏற்றம். ஏற்றுவதால் ஏற்றம், லீவர் என்ற சொல்லின் மூலப்பொருளுக்கு நேரான தமிழ் என்று பார்த்தால் இதைத்தான் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் நெடிய மரத்தைத் தூண்மேல் ஊஞ்சலாட விட்டு, ஒரு முனையில் சால் என்ற தண்ணீர் அள்ளும் பாத்திரத்தைக் கட்டி, மரத்தின் மேலேயே ஆள் முன்னும் பின்னும் நடப்பார். கீழே நிற்பவர் சாலைக் கவிழ்த்து, எண்ணிக்கை தவறாதபடி பாடுவார். கைபலத்தால் இறைக்க வேண்டிய தண்ணீரை உடம்பின் எடையே இறைத்துவிடும். யாழ்ப்பாணத்தில் இதற்குத் துலா என்றே பெயர். அங்கே துலாவைத் தாங்கும் மரங்கள் ஆடுகால், குறுக்கே செல்லும் அச்சு அச்சுலக்கை, தண்ணீர் அள்ளுவது பட்டை.

ஆங்கிலேயர் தங்கள் குறிப்புகளில் ஏற்றத்தைப் பிக்கோட்டா என்று எழுதினார்கள். அது போர்ச்சுகீசியச் சொல். கப்பலுக்குள் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்பின் கைப்பிடிக்குப் பெயர். அந்தக் கைப்பிடியும் ஒரு நெம்புகோல்தான்.