ஒஹாஜிக்கி: இரண்டு சென்டிமீட்டர் மிச்சம்

ஜப்பானியச் சிறுமிகள் தலைமுறைகளாக ஆடிவரும் ஒஹாஜிக்கிக்கு ஒரு கைப்பிடிக் கண்ணாடிக் காய்கள் போதும். தட்டையான வட்டக் காய்கள். குறுக்களவு ஏறத்தாழ 12 மி.மீ., எடை ஒரு கிராம் அளவு. அவற்றைத் தத்தாமிப் பாயிலோ மேசையிலோ சிதறவிடுவார்கள். முறை வந்தவர் இரண்டு காய்களைத் தேர்ந்து, அவற்றின் நடுவே எதையும் தொடாமல் விரலால் கோடு இழுப்பார். பிறகு ஒன்றைச் சுண்டி மற்றதை அடிப்பார். அடித்தபின் அந்த இரண்டுக்கும் நடுவே விரல் மறுபடியும் உரசாமல் கடக்க வேண்டும். கடந்தால் காய் அவருக்கு. குறி தவறினாலோ, மூன்றாவது காயில் பட்டாலோ, விரல் தட்டினாலோ முறை போய்விடும். வீட்டுக்கு வீடு சிறு மாற்றங்கள் உண்டு.

விரல் இரண்டாம் முறை கடக்க வேண்டும் என்பதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். தொட்டால் போதும் என்றிருந்தால் குறி மட்டுமே திறமை. இந்த விதி வேகத்தையும் கணக்கில் கொண்டுவருகிறது.

சம எடையுள்ள இரண்டு காய்கள் நேருக்கு நேர் மோதினால், வந்த காய் கிட்டத்தட்ட அங்கேயே நின்றுவிடும். அதன் வேகம் அடிபட்ட காய்க்குப் போகும். கேரம் ஆடியவர்களுக்கு இது கண்ணால் கண்ட விஷயம். மோதலில் கொஞ்சம் ஆற்றல் வீணாவதால், வேகத்தில் 90 சதவீதம் கைமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். உராய்வில் ஓடி நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அடிபட்ட காய், வந்த காய் தடையின்றி இன்னும் ஓடியிருக்கக்கூடிய தூரத்தில் சுமார் 80 சதவீதம் ஓடும். விரல் கடக்க 1.5 செ.மீ. இடைவெளி வேண்டுமென்றால், எதிரே காய் இல்லாதிருந்தால் சுமார் 2 செ.மீ. தாண்டி நிற்கும் அளவுக்குச் சுண்ட வேண்டும். பளபளப்பான மேசையானாலும் சொரசொரப்பான பாயானாலும் இந்த 2 செ.மீ. மாறாது, அதற்கு விரல் தர வேண்டிய வேகம்தான் மாறும்.

பிசகுவதற்கு இடம் மிகக் குறைவு. மையத்துக்கு மையம் 10 செ.மீ. தள்ளியிருக்கும் இரண்டு காய்களை எடுத்துக்கொள்ளுங்கள். மோதும் வரை 8.8 செ.மீ. ஓட்டம்; அந்த 2 செ.மீ. மிச்சத்தோடு சேர்த்து 10.8 செ.மீ. வேகம் பத்து சதவீதம் குறைந்தால் ஓட்டம் 8.7 செ.மீ.க்குச் சுருங்கி, காய் தொடாமலே நின்றுவிடும். பத்து சதவீதம் கூடினால் அடிபட்ட காய் 3 செ.மீ.க்கு மேல் ஓடும். நெருக்கமாகச் சிதறியிருந்தால் அது போய் இன்னொன்றில் முட்டும்.

திசையிலும் இதே கண்டிப்பு. 10 செ.மீ. தொலைவில் சுமார் 7 பாகை விலகினாலே குறி முழுதாகத் தவறும், 5 செ.மீ. என்றால் 14 பாகை வரை தாங்கும். பாதி விலகிப் பட்டால் வந்த காய் நிற்காது. பாதி வேகத்தோடு பக்கவாட்டில் ஓடும். அடிபட்டது வேறு பக்கம் போகும். இரண்டும் ஏறக்குறைய செங்குத்தாகப் பிரிவதால் விரலுக்கு வழி கிடைக்கும், ஆனால் மூன்றாவது காயில் படும் ஆபத்து இரண்டு பக்கமும் வந்துவிடும்.

சுண்டும்போது கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தடுத்துப் பிடிக்கிறது. தசை முறுகியபின் பிடி விடுகிறது. வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த முறுக்கு. மெல்லிய அடிக்குக் கட்டைவிரலைத் தளர்வாக வையுங்கள். நகம் காயின் பக்கவாட்டில், நடு உயரத்துக்குக் கீழே போகாமல், இரண்டு மையங்களையும் இணைக்கும் கோட்டின் பின்முனையில் பட வேண்டும். அடிவிளிம்பில் பட்டால் காய் துள்ளும். ஓரமாகப் பட்டால் சுழன்று திசை மாறும். தத்தாமியில் கோரையின் நீளவாக்கில் சறுக்குவது எளிது. குறுக்கே போகும்போது ஒவ்வொரு இழையும் தடுக்கும், ஆகவே கொஞ்சம் கூடுதலாகச் சுண்ட வேண்டும்.

கண்ணாடி வந்தது மெய்ஜி காலத்தின் (1868–1912) பிற்பகுதியில். அதற்கு முன், எடோ காலச் சிறுமிகள் கிசாகோ என்ற சிறு கடல் நத்தையின் ஓட்டைச் சுண்டினார்கள். ஓடு சரியான வட்டமல்ல. எந்த இடத்தில் படுகிறது என்பதைப் பொறுத்து அடிபட்டது போகும் திசை மாறும். இன்று பிளாஸ்டிக் காய்களும் உண்டு. ஜப்பானில் முதல் வகுப்புக் குழந்தைகளின் கணக்குப் பெட்டியில் எண்ணிப் பழக வைத்திருப்பது இவற்றைத்தான். கண்ணாடியைவிட இலேசானவை என்பதால், பாயின் இழைகளில் இவை எளிதில் தடுமாறும். ஆடுவதற்கு வழவழப்பான மேசையே இவற்றுக்குப் பொருத்தம்.

பெரியவர்கள் சேர்ந்து ஆடும்போது நடுவே கடக்கச் சுண்டுவிரலைப் பயன்படுத்தலாம். தேவையான இடைவெளி சில மில்லிமீட்டர் குறையும். சுண்டும் வேகத்தையும் அதற்கேற்பத் தணிக்கலாம்.