கிராம சபைத் தீர்மானம்: கை தூக்கினால் மட்டும் போதாது

கல்குவாரி வேண்டாம், டாஸ்மாக் கடையை மாற்று என்று ஊரே கூடிக் கை தூக்கியிருக்கும். ஆறு மாதம் கழித்து நகல் கேட்டால், "அப்படி ஒரு தீர்மானமே இல்லையே" என்பார்கள். பதிவேட்டைத் திறந்தால் உண்மையிலேயே இருக்காது. உங்கள் கையெழுத்து மட்டும் வருகைப் பக்கத்தில் அழகாக இருக்கும்.

சட்டம் சுருக்கமானதுதான். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994, பிரிவு 3. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூட்டம். தலைவர் கூட்டவில்லை என்றால் கூட்ட வேண்டிய பொறுப்பு கலெக்டருக்கு.

முதல் சிக்கல், யார் உறுப்பினர் என்பது. முப்பது வருடம் அந்த ஊரில் குடியிருந்தாலும் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லையென்றால் உங்கள் கை கணக்கில் வராது. பேரூராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபையே கிடையாது.

அடுத்தது குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்ற கணக்கு. மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இதை நிரப்பத்தான் நூறு நாள் வேலைக்காரர்களைக் காலையிலேயே வரவழைத்துக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். கூட்டம் தொடங்கும்போது பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். "பிறகு எழுதிக்கொள்கிறோம்" என்றால், எழுதிய பிறகு போடுகிறேன் என்று சொல்லுங்கள். பெரியவர்களுக்கு இதை முந்தின நாளே சொல்லி வையுங்கள்.

"இது கூட்டப் பொருளில் இல்லை" என்பது அடுத்த சாக்கு. அதனால் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே மனுவாக எழுதி, ஊராட்சிச் செயலாளரிடம் கொடுத்து, இன்னொரு பிரதியில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். போட மறுத்தால் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கே "செயலாளரைப் பாருங்க" என்பார்கள், செயலாளர் "பி.டி.ஓ. சொல்லணும்" என்பார். தபால் ரசீது கையில் இருந்தால் இந்தப் பந்தாட்டம் சீக்கிரம் முடியும்.

தீர்மான வாசகம் ரொம்ப முக்கியம். "மதுக்கடையை மூட வேண்டும்" என்று மொட்டையாக எழுதினால் "பரிசீலிக்கப்படும்" என்ற பதிலோடு கோப்பு மூடப்படும். கிராம சபை சொன்னதாலேயே கடை மூடப்படாது. முடிவு அரசுத் துறையினுடையது. ஆனால் ஊராட்சிப் பகுதியில் பள்ளி, வழிபாட்டுத் தலத்திலிருந்து 100 மீட்டருக்குள் கடை வைக்கக்கூடாது என்று மதுபானச் சில்லறை விற்பனை விதிகள் சொல்கின்றன. பள்ளியின் பெயர், அது தொடங்கிய ஆண்டு, அளந்த தூரம் எல்லாம் தீர்மானத்திலேயே இருக்கட்டும். ஆண்டு ஏன் என்றால், கடைக்குப் பிறகு வந்த பள்ளிக்கு இந்த விதி உதவாது.

எழுதி முடித்ததும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தீர்மான எண்ணைக் குறித்துக்கொண்டு, பக்கத்தைப் போனில் படமெடுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

நகல் தர இழுத்தடித்தால் ஊராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்ட மனு போடுங்கள். "என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்" என்று கேட்காதீர்கள், "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி வரும். "இந்தத் தேதியில் நடந்த கிராம சபையின் வருகைப் பதிவேடு, தீர்மானப் பக்கங்கள் அனைத்தின் நகல்" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அந்தக் கெடுவைத் தவறவிட வைப்பதற்குத்தான் "அடுத்த வாரம் வாங்க" என்கிறார்கள்.