தாத்தா கத்திய தேய்க்காதீங்க, முதல்ல படிங்க

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்துல சின்னதா ஒரு சலூன் வச்சிருக்கேன், தாத்தா ஆரம்பிச்சது, நான் மூணாவது தலைமுறை. கொஞ்ச வருஷமா வேற ஒரு வேலையும் ஒட்டிகிச்சு. வீட்ல கெடந்த பழைய மடக்கு சவரக்கத்திய எடுத்துட்டு வந்து "அண்ணே, இது எந்த காலத்துது, எந்த ஊர்ல செஞ்சது"ன்னு கேக்கறாங்க. சொல்ல ஆசைதான், ஆனா பாதி பேரு பளபளன்னு தேய்ச்சிட்டு வந்து நிக்கறாங்க, அதுக்கப்புறம் நான் என்னத்த பாத்து சொல்றது.

திட்டற யோக்யத எனக்கு இல்ல. 19 வயசுல தாத்தா அடப்பப் பொட்டில, அதான் சவர சாமான் வைக்கற பொட்டில, இருந்த கத்திய எடுத்து, துருவா இருக்கேன்னு எமரி பேப்பர் போட்டு ஒரு மத்தியானம் பூரா தேய்ச்சவன் நான். அப்பா வந்து ஒண்ணும் பேசல, டியூப் லைட்டு கீழ திருப்பித் திருப்பி பாத்துட்டு அப்படியே வச்சிட்டாரு. அதுல இப்போ மிச்சம் ஜி, இ, என்னு மூணே எழுத்து. சோலிங்கன்னு வரைக்கும் சொல்லிடலாம், அது ஜெர்மனில கத்திக்கே பேர் போன ஊரு, ஆனா செஞ்சவன் பேரு இருந்த வரி பேப்பரோட போயிடுச்சு.

பிளேடுக்கும் பிடில மாட்டின ஆணிக்கும் நடுவுல ஒரு கெட்டியான துண்டு இருக்கும், எழுத்து எல்லாம் அங்கதான், ரெண்டு பக்கமும். மயிரிழை ஆழந்தான் இருக்கும். பஞ்சுல ரெண்டு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டு ஊற வச்சி மெதுவா தொடைங்க, செல்போன் டார்ச்ச சாய்வா அடிச்சி போட்டோ எடுங்க, நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது. அவ்ளோதான், எலுமிச்சம்பழம், புளி, சாணை எதுவும் வேணாம். தேங்கா எண்ணெயும் போட்டு வைக்காதீங்க, பிசினாட்டம் புடிச்சிக்கும், நம்ம பக்கம் அடிக்கற உப்புக்காத்துக்கு அதுக்கு அடியிலயே துரு ஓடும்.

எழுத்து கெடச்சா என்ன தெரியும்? முக்கால்வாசி கத்தி ரெண்டு ஊர்ல ஒண்ணுல இருந்து வந்திருக்கும், இங்கிலாந்து ஷெஃபீல்ட் இல்லன்னா சோலிங்கன். கிரீடம் போட்டு டபிள்யூ ஆர்னு இருந்தா இங்கிலாந்து ராஜா நாலாம் வில்லியம் காலம், 1830ல இருந்து 1837 வரைக்கும், வி ஆர்னா விக்டோரியா, 1837 டு 1901. ஜி ஆர்ல மட்டும் உஷாரு, ஜார்ஜ் நெறைய பேரு இருக்காங்க. "ஜெர்மனி"ன்னு நாட்டு பேரு இருந்தா பெரும்பாலும் 1887க்கு அப்புறம், அந்த வருஷந்தான் வெளிநாட்டு சரக்குல செஞ்ச நாட்டோட பேரு வேணும்னு பிரிட்டன்ல சட்டம் போட்டான், இந்தியாவுல 1889, அமெரிக்காவுல 1890. நாடு போடலன்னா அதுக்கு முந்தினதுன்னு அடிச்சி சொல்லிட முடியாது, தேய்ஞ்சும் போயிருக்கலாம். "வெஸ்ட் ஜெர்மனி"ன்னு இருந்தா கண்ண மூடிட்டு சொல்லலாம், 1949க்கு முன்னாடி அப்படி ஒரு நாடே கெடையாது. ஸ்டெயின்லெஸ்னு இருந்தா 1913க்கு பிந்தினது, ஷெஃபீல்ட்ல ஹாரி பிரியர்லி அந்த ஸ்டீல உருக்கினது அந்த வருஷந்தான்.

ஏமாறுற இடம் நம்பர்தான். ரெட்டப் பசங்க படம் போட்ட ஹென்கெல்ஸ் கத்தி, அந்த மார்க்கு பதிவானது 1731ல, அந்த நம்பர எங்கயாவது பாத்துட்டு கத்தியே முந்நூறு வருஷம்னு குதிக்கறாங்க. கம்பெனி வயசு வேற, கத்தி வயசு வேறப்பா. 5/8னு இருந்தா அது அகலம், ஒரு இன்ச்ல எட்டுல அஞ்சு பங்கு. "சில்வர் ஸ்டீல்"னு இருக்கறத பாத்துட்டு வெள்ளின்னு ஒருத்தர் அடகுக்கடை வரைக்கும் போயிட்டு வந்தாரு, அது உருக்குக்கு வச்ச பேரு. அந்த பேரு வந்த கதை மட்டும் நமக்கு கொஞ்சம் சொந்தம், விஞ்ஞானி ஃபாரடேவும் கத்தி செய்யற ஸ்டோடார்ட்டும் லண்டன்ல நம்ம தென்னிந்திய உருக்க ஆராய ஆரம்பிச்சி, அதுல இருந்துதான் 1820கள்ல வெள்ளி கலந்து பாக்கற வரைக்கும் போனாங்க.

பிடியையும் பாருங்க. செல்லுலாய்ட் பிடின்னா, அந்த காலத்து பிளாஸ்டிக், அது கெட்டுப்போகும்போது ஆவி விடும், அமிலம், பக்கத்துல இருக்கற நல்ல கத்தியயும் சேத்து துருப்புடிக்க வச்சிடும், தனியா வைங்க. ஊசிய பழுக்க வச்சி குத்தி பாக்கற டெஸ்ட்டு வேணவே வேணாம், பக்குனு புடிச்சிக்கும். வெள்ளையா யானைத் தந்தம் மாதிரி இருந்தா ஆன்லைன்ல விக்க போடாதீங்க, தந்தம்னு ஆகிட்டா வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல கேஸு. அப்புறம் இன்னொண்ணு, எவ்ளோ நல்லா இருந்தாலும் அதுல அடுத்தவங்களுக்கு ஷேவ் பண்ணாதீங்க, ஹெபடைடிஸ் பி கிருமி காஞ்ச ரத்தத்துலயே ஏழு நாளு உயிரோட இருக்கும். எங்க கடையிலயே ஆளுக்கொரு புது பிளேடுதான்.

போன மாசம் காசிமேட்டுல இருந்து ஒரு பையன் வந்தான். ஷெஃபீல்ட் கத்தி, வி ஆர் கிரீடம், தேய்க்காம கொண்டு வந்ததுக்கே அவனுக்கு டீ சொன்னேன். ஆனா பிடி இடிச்சிது. கறுப்பு கொம்பு, ஆணி பித்தளக் கம்பிய வெட்டி சுத்தியல்ல தட்டினது, வாஷர் ரெண்டும் ரெண்டு சைஸு, ஃபாக்டரில அப்படி வராது. "வீட்ல யாருடா விவரம் தெரிஞ்சவங்க"ன்னேன், "ஆயாதான், ஆனா இத பத்தி பேசாதன்னு அப்பா சொல்லுவாருண்ணே"ன்னான். புரிஞ்சிது. சொந்தக்காரன் சவரத் தொழில் பண்ணான்னு சொல்ல கூச்சப்பட்டு எத்தினி அடப்பப் பொட்டி குப்பைக்கு போச்சுன்னு எனக்கு தெரியும், எங்க வம்சத்துலயே ரெண்டு.

வீடியோ கால் போட்டு கத்திய காட்டினோம். ஆயா கண்ணாடிய மாட்டிகினு பாத்துச்சு. "ஒங்க தாத்தா மூர் மார்க்கெட்ல ரெண்டாங்கையா வாங்கினாருடா, பழைய பிடி கீழ வுயுந்து ஒடஞ்சி போச்சு, பிடி இவரே எரும கொம்புல செஞ்சாரு, ரம்பம் எங்கண்ணன் வூட்டுது"ன்னுச்சு. மூர் மார்க்கெட் எரிஞ்சது 1985ல, அப்போ வாங்கினது அதுக்கு முன்னாடி. நான் நோட்டுல எழுதிகினே "எந்த வருஷம் ஆயா, ஞாபகம் இருக்கா"ன்னு கேட்டேன்.

"ஒங்கப்பன் பொறக்கலடா அப்போ"ன்னு பையன பாத்து சொல்லிட்டு, "ஆணிய பாரு, ஒண்ணு கோணலா இருக்கும், நான் தட்டினது"ன்னுச்சு.