இரண்டு குழி வித்தியாசம்: எலிக்காய்ச்சல் சோதனையில் சீரம் நீர்க்கும் கணக்கு

மழை விட்ட வாரத்தில், செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிற ஒருவர் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியுமாகக் கிளினிக்குக்கு வந்தால், சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் எலிக்காய்ச்சலை நினைக்காமல் இருக்க முடியாது. மலாயில் 'கென்சிங் தீக்குஸ்' என்பார்கள். 2010 முதல் மலேசியாவில் இது கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். ரத்தம் பெரிய ஆய்வகத்துக்குப் போகிறது. அங்கிருந்து '1:400' என்று ஓர் எண் வருகிறது. அந்த எண் பிப்பெட் (சிறு அளவு திரவத்தை அளந்து எடுக்கும் கருவி) பிடிக்கிற கையில் உருவாகிறது. ஆய்வக வேலைக்குப் படிக்கும் நம் பிள்ளைகள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

மேட் (MAT, கிருமிகள் திரள்வதை நுண்ணோக்கியில் பார்ப்பது) எனப்படும் சோதனையில் நோயாளியின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை, பிளேட்டின் சிறு குழிகளில் படிப்படியாக நீர்த்து, ஒவ்வொரு படியிலும் எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைரா கிருமியை உயிரோடு சேர்க்கிறோம். எதிர்ப்பொருள் இருந்தால் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். கரும்பின்னணியில் கிருமி ஒளிர்ந்து தெரியும் டார்க் ஃபீல்டு நுண்ணோக்கியில் பார்க்கும்போது, சீரமில்லாத கன்ட்ரோல் குழியோடு ஒப்பிட்டு, தனியாக நீந்தும் கிருமிகள் பாதியாகக் குறைந்திருக்கும் கடைசிக் குழி எதுவோ, அதன் நீர்த்தல் அளவுதான் டைட்டர். '1:400' என்று வருவது இதுதான்.

முதல் படி 1:50. அதாவது 1 பங்கு சீரம், 49 பங்கு பி.பி.எஸ். (நீர்க்கப் பயன்படும் உப்புக்) கரைசல்: 20 மைக்ரோலிட்டரும் 980 மைக்ரோலிட்டரும். 50 பங்கு கரைசல் ஊற்றினால் அது 1:51 ஆகிவிடும். இந்த 20 மைக்ரோலிட்டரை, 200 மைக்ரோலிட்டர் வரை எடுக்கும் பிப்பெட்டில் எடுக்காதீர்கள். அதன் அளவெல்லையின் அடிமட்டத்தில் துல்லியம் போய்விடும். 20 மைக்ரோலிட்டர் வரை எடுக்கும் பிப்பெட்டே சரி. பிப்பெட்டில் மாட்டும் பிளாஸ்டிக் டிப்பின் நுனி சீரத்தில் 2, 3 மில்லிமீட்டர் மூழ்கினால் போதும். ஆழமாக விட்டால் வெளிப்புறத்தில் சீரம் படலமாக ஒட்டி வரும். கொழகொழவென்ற அந்தப் படலம் 2 மைக்ரோலிட்டர் இருந்தால்கூட தொடக்கத்திலேயே 10 சதவீதம் கூடுதல்.

பிறகு முதல் குழியில் 1:50 கரைசல் 100 மைக்ரோலிட்டர், மற்ற குழிகளில் வெறும் பி.பி.எஸ். 50. முதலிலிருந்து 50 எடுத்து இரண்டாவதில் விட்டு, குமிழி வராமல் ஐந்தாறு முறை உறிஞ்சி விட்டுக் கலக்கி, அங்கிருந்து 50 எடுத்து மூன்றாவதில். கடைசிக் குழியிலிருந்து எடுக்கும் 50ஐக் கொட்டிவிட வேண்டும். படிக்குப் படி டிப்பை மாற்றுங்கள். பழைய டிப்பின் சுவரில் தங்கும் அடர்ந்த சீரம் அடுத்தடுத்த குழிகளுக்கும் கூடவே போகும்.

சிறு பிழை எப்படிப் பெருகும் என்று பாருங்கள். 50க்குப் பதில் ஒவ்வொரு முறையும் 60 எடுக்கிறது உங்கள் பிப்பெட் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படியிலும் 9 சதவீதம் கூடும். ஏழு படி தாண்டியதும் 84 சதவீதம். எட்டாவது குழியில் 1:6400 என்று எழுதியிருப்பீர்கள். உள்ளே இருப்பது ஏறக்குறைய 1:3500. கிட்டத்தட்ட ஒரு முழுக் குழி தள்ளிப்போயிற்று.

இன்னொன்று, இதுதான் அடிக்கடி கோட்டைவிடும் இடம். கடைசியில் எல்லாக் குழியிலும் கிருமிக் கரைசல் 50 மைக்ரோலிட்டர் சேர்க்கிறோமே, அதுவும் நீர்த்தல்தான். முதல் குழி 1:50 அல்ல, 1:100. இதைச் சேர்த்து எழுதுவதா, சேர்க்காமல் எழுதுவதா என்று ஆய்வகத்தில் ஒரே முடிவு இருக்க வேண்டும். ஒரே நோயாளியிடம் எடுத்த முதல் ரத்தத்தை ஒருவர் சேர்த்தும், இரண்டாவதை இன்னொருவர் சேர்க்காமலும் எழுதினால் கணக்கில் ஒரு குழி தானாகவே பிசகும்.

ஒரு குழியில் என்ன ஆகிவிடப் போகிறது? நோய் அண்மையில் வந்தது என்று உறுதிசெய்ய, சுமார் இரண்டு வார இடைவெளியில் எடுத்த இரண்டு ரத்தத்துக்கும் நடுவே டைட்டர் குறைந்தது நான்கு மடங்கு ஏற வேண்டும். 1:100 இருந்தது 1:400 ஆனால் உறுதி. அது இரண்டே குழி வித்தியாசம். கவனமாகச் செய்தாலும் ஒரு குழி ஏறவோ இறங்கவோ செய்யும் சோதனை இது. அதோடு கைப்பிழையில் இன்னொரு குழி சேர்ந்தால், இல்லாத நோய் இருப்பதாகும். இருக்கும் நோய் மறைந்துபோகும்.

ட்ரிப்ளிகேட் (ஒரே சீரத்தை மூன்று வரிசையாக) போட்டேன், மூன்றும் ஒத்துப்போகிறது என்று நிம்மதியடைபவர்கள் உண்டு. ஒரே 1:50 ட்யூபிலிருந்து மூன்று வரிசை போட்டால், அந்த ட்யூபில் நேர்ந்த தவறு மூன்றிலும் அச்சாக இருக்கும். மூன்றும் அழகாக ஒத்துப்போவதற்குக் காரணமே அதுதான். மூலச் சீரத்திலிருந்து தனித்தனியாக இரண்டு முறை 1:50 தயாரித்துப் போடும் இரண்டு வரிசை, அந்த மூன்றைவிட எவ்வளவோ மேல். எதிர்ப்பொருளை நிறமாற்றத்தால் அளக்கும் எலிசா சோதனையிலும் இதே கதைதான்: பக்கத்துப் பக்கத்துக் குழிகளின் அளவீடு ஒத்திருந்தால் குழியில் ஊற்றியது சரி என்று மட்டுமே தெரியும், நீர்த்தது சரியா என்று தெரியாது. 96 குழி பிளேட்டின் ஓரத்து 36 குழிகளில் நீர் சீக்கிரம் ஆவியாகும், சூடும் வேறுபடும். ஒரு நோயாளியின் இரண்டு குழிகளையும் ஓரத்தில் தள்ளாதீர்கள்.

டைட்டர் தெரிந்த பாசிட்டிவ் சீரம் ஒன்றை ஒவ்வொரு முறையும் சேர்த்து ஓட்டுங்கள். அது வழக்கமான குழியிலிருந்து ஒன்றுக்கு மேல் விலகினால் அன்றைய முடிவு எதையும் வெளியே அனுப்பக் கூடாது. இரண்டு ரத்தத்தையும் ஒரே நாளில், ஒரே பிளேட்டில், ஒரே கிருமிக் கரைசலோடு பக்கத்தில் பக்கத்தில் போட வேண்டும். அதற்கு முதல் சீரத்தைத் தீர்த்துவிடாமல், 200 மைக்ரோலிட்டராகச் சிறு ட்யூப்களில் பிரித்து, பெயரும் ரத்தம் எடுத்த தேதியும் எழுதி, மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். ஒரே ட்யூபைத் திரும்பத் திரும்ப உருக்கி உறையவைக்காமல் இருக்கத்தான் இந்தப் பிரிப்பு.