குனிகுண்டே: சாதிசனமும் சண்டையும் சேர்ந்த பெயர்

குனிகுண்டே. தமிழில் எழுதிப் பார்த்தால் முதலில் சிரிப்புதான் வரும். குனியச் சொல்கிறார்களா, குண்டு என்று கேலி செய்கிறார்களா என்று தோன்றும். இரண்டும் இல்லை. இது ஆயிரம் வருடங்களுக்கு மேல் வயதான ஜெர்மானியப் பெண்பெயர். ஜெர்மன்காரர்கள் 'குண்' என்ற இடத்தில் அழுத்தி, கடைசி 'டே'யைப் பாதி விழுங்கிச் சொல்வார்கள். இன்று அங்கேயே இந்தப் பெயரோடு ஒரு சின்னப் பெண்ணைப் பார்ப்பது அபூர்வம்.

பெயரை உடைத்தால் இரண்டு துண்டு. முதல் துண்டு பழைய ஜெர்மன் சொல்லான 'குன்னி': குலம், குடி, உறவுக்கூட்டம். ஆங்கிலத்தில் உறவினரைக் குறிக்கும் 'கின்', அரசனைக் குறிக்கும் 'கிங்' இரண்டும் இதே குடும்பம். இரண்டாவது துண்டு 'குண்ட்': போர். சிலர் முதல் துண்டைத் துணிவு என்று பொருள்படும் 'குயோனி'யோடு சேர்த்துவிடுகிறார்கள். கொன்ராட் என்ற ஆண்பெயரில் இருப்பது அந்தச் சொல். குனிகுண்டேயில் இருப்பது குலம்தான்.

இந்த இரண்டு துண்டுகளுக்கும் நம் வீட்டிலேயே தூரத்துச் சொந்தம் இருக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். 'குன்னி'யின் ஆதி வேர் பிறத்தலைக் குறிப்பது. அதே வேர் சமஸ்கிருதத்தில் 'ஜன்' ஆனது. அதிலிருந்து பிறந்த ஜாதியும் ஜனமும் தமிழுக்கு வந்து சாதி, சனம் ஆயின. கல்யாண வீட்டு வாசலில் "சாதிசனம் எல்லாம் வந்தாச்சா?" என்று கேட்கும்போது ஒரே வேரை இரண்டு தடவை சொல்கிறோம். 'குண்ட்' வந்த வேருக்கு அடித்தல், கொல்லுதல் என்று பொருள். சமஸ்கிருதத்தில் அது 'ஹன்', அதிலிருந்து 'ஹத்யா'. நாம் பிரம்மஹத்தி என்கிறோமே, அந்த ஹத்திதான். ஆக, குனிகுண்டே என்பது சொந்தமுறைப்படி சனமும் ஹத்தியும். இவை தமிழ் வேர்கள் அல்ல, சமஸ்கிருதத்தின் வழி வந்தவை. தமிழிலிருந்துதான் ஜெர்மன் வந்தது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

சரி, அப்படியானால் பெயரின் பொருள் 'குலத்துக்காகப் போரிடுபவள்' என்றுதானே ஆகும்? பெயர்ப் புத்தகங்கள் பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகின்றன. நான் அதை அவ்வளவாக நம்புவதில்லை. பழைய ஜெர்மானியர்கள் இரு துண்டுப் பெயர்களை வாக்கியம் போல யோசித்து வைக்கவில்லை. வீட்டில் புழங்கும் துண்டுகளில் இரண்டை எடுத்து ஒட்டினார்கள். 11ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் வுல்ஃப்ஸ்டன் என்ற ஆயர் இருந்தார். அப்பா பெயர் எதெல்ஸ்டன், அம்மா பெயர் வுல்ஃப்கிவு. அம்மாவிடமிருந்து 'வுல்ஃப்', அப்பாவிடமிருந்து 'ஸ்டன்'. பொருள் பார்த்தால் ஓநாய்க்கல்! அந்தப் பெற்றோர் ஓநாயையும் கல்லையும் நினைத்தா பெயர் வைத்திருப்பார்கள்? அப்பா பெயரில் ஓர் எழுத்து, அம்மா பெயரில் ஓர் எழுத்து எடுத்து இன்று நம்மூரில் புதுப்பெயர் செய்கிறவர்களுக்கு இது நன்றாகவே புரியும். இன்னும் ஒரு சான்று வேண்டுமானால் ஹெட்விக் என்ற பெயரைப் பாருங்கள். 'ஹடு' என்றால் போர், 'விக்' என்றாலும் போர். போர்ப்போர் என்று யார் மகளுக்குப் பெயர் வைப்பார்கள்?

பெண்பெயரில் ஏன் இத்தனை சண்டை என்று அடுத்த கேள்வி வரும். வீராங்கனைகள் நிறைந்த சமூகம் என்று உடனே கற்பனை பண்ண வேண்டியதில்லை. காரணம் பாதி இலக்கணம். தமிழில் போருக்கும் கல்லுக்கும் ஆண்பால் பெண்பால் கிடையாது, எல்லாம் அஃறிணை. பழைய ஜெர்மன் மொழியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பால் உண்டு. போரைக் குறிக்கும் 'குண்ட்', 'ஹில்ட்' இரண்டும் பெண்பால் சொற்கள். பெண்பெயரின் கடைசித் துண்டு பெண்பாலாக இருப்பது வழக்கம் என்பதால் இவை வந்து உட்கார்ந்துகொண்டன. ஆண்பெயர் என்றால் அதே 'குண்ட்' முன்னால் வரும். நோபல் பரிசு பெற்ற குந்தர் கிராஸின் முதல் பெயர் அப்படிப்பட்டது: போர் என்ற 'குண்ட்', படை என்ற 'ஹரி'.

இதில் ஒரு கிளைக்கதை. நார்டிக் நாடுகளில் 'குண்ட்', 'குன்' ஆகிவிடும். அங்கே குன்ஹில்ட் என்று ஒரு பெண்பெயர். அதுவும் போர்ப்போர்தான். 1330ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தின் வின்ட்சர் கோட்டையில் எடுத்த ஆயுதக் கணக்கில் கொம்பால் செய்த பெரிய எறிபொறி ஒன்று பதிவாகியிருக்கிறது. அதற்கு 'சீமாட்டி குனில்டா' என்று பெயர் எழுதியிருக்கிறார்கள். துப்பாக்கிக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் 'கன்' என்ற சொல் அந்தப் பெண்பெயரின் சுருக்கம் என்பதுதான் அகராதிக்காரர்கள் பெரும்பாலும் ஏற்கும் வரலாறு. நம் தேருக்கும் லாரிக்கும் பெயர் வைக்கிற மாதிரி எறிபொறிக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள்.

குனிகுண்டே என்ற பெயர் பரவியதற்குக் காரணமான ஒரு மனுஷி உண்டு. லக்ஸம்பர்க் பிரபு சீக்ஃப்ரீடின் மகள். (அம்மா பெயர் ஹெட்விக், அதே போர்ப்போர்.) பின்னாளில் புனித ரோமானியப் பேரரசரான இரண்டாம் ஹைன்ரிக்கை மணந்து, 1014ல் ரோமில் கணவனோடு பேரரசியாக முடிசூடினார். 1024ல் கணவன் இறந்ததும் அடுத்த அரசர் தேர்வாகும்வரை ஆட்சியைப் பார்த்துக்கொண்டார். அப்புறம் தானே கட்டிய கௌஃபுங்கன் மடத்தில் போய்த் துறவியானார். 1200ஆம் ஆண்டு திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது.

கணவனும் மனைவியும் தென் ஜெர்மனியின் பாம்பர்க் பேராலயத்தில் ஒரே கல்லறையில் இருக்கிறார்கள். 1499 முதல் 1513 வரை டில்மன் ரீமென்ஷ்னைடர் என்ற சிற்பி செதுக்கியது. மேலே இருவரும் அருகருகே படுத்திருக்க, பக்கவாட்டில் கதைச் சிற்பங்கள். ஒன்றில், கற்பின்மேல் சந்தேகம் வந்ததால் பேரரசி பழுக்கக் காய்ச்சிய ஏர்க்கொழுக்களின்மேல் வெறுங்காலோடு நடக்கிறார். கால் வேகவில்லை. சீதையின் தீக்குளிப்பு நமக்கு நினைவுக்கு வராமல் இருக்காது. ஆனால் எனக்கு இதைவிடப் பக்கத்துச் சிற்பம் பிடிக்கும். கோயில் கட்டிய வேலையாட்களுக்குப் பேரரசி கூலி கொடுக்கிறார். கிண்ணத்தில் காசை வைத்து நீட்டுகிறார், ஆளாளுக்குத் தன் கூலியை எடுத்துக்கொள்ளலாம். கூடுதலாக எடுத்தவன் உள்ளங்கையைக் காசு சுட்டுவிட்டதாம்!

அவர் இறந்தது மார்ச் 3. அதுவே அவர் திருநாள். குளிர் விட்டு மண் இளகும் பருவம் என்பதால், குனிகுண்ட் அடியிலிருந்து சூடேற்றுவாள் என்று ஜெர்மன் உழவர்களிடம் ஒரு பழமொழி இருக்கிறது. அவர்கள் மொழியில் எதுகையோடு வரும்.

இவ்வளவு செல்வாக்கோடு இருந்த பெயர் ஏன் அருகிப்போனது? இடைக்காலத்தில் அரச குடும்பங்களில் குனிகுண்டேக்கள் வரிசையாக உண்டு. பேரரசர் மாக்ஸிமிலியனின் தங்கையும் (1465–1520) ஒரு குனிகுண்டே. பிறகு இலக்கியம் இந்தப் பெயரை ஒரு வழி பண்ணிவிட்டது என்பது என் எண்ணம். 1759ல் வோல்தேர் தன் 'கான்டீட்' கதையின் நாயகிக்கு இதன் பிரெஞ்சு வடிவத்தை வைத்தார். கதை முழுக்க அவளைத் தேடி அலைகிறான் நாயகன், கிடைக்கும்போது அவள் அழகெல்லாம் போயிருக்கிறது. 1797ல் ஜெர்மன் கவிஞர் ஷில்லர் எழுதிய கதைப்பாடலில் ஒரு குனிகுண்ட் சிங்கம் புலிகளுக்கு நடுவே கையுறையைப் போட்டு, காதலிப்பது உண்மையானால் எடுத்து வா என்கிறாள். வீரன் இறங்கி எடுத்து வந்து அவள் முகத்திலேயே எறிகிறான். அடுத்து இன்னொரு ஜெர்மன் எழுத்தாளர் கிளைஸ்ட்டின் நாடகத்தில் ஒரு குனிகுண்டே. அவள் அழகு முழுக்க ஒட்டுவேலை. மூன்று பேரும் மூன்று விதமாக அடித்தால் எந்தப் பெயர் தாங்கும்? காதில் விழும்போதே பழைய கோட்டை, பகட்டு, கேலி என்று ஆகிவிட்டது. பாம்பர்க் இருக்கும் ஃபிராங்கோனியாப் பகுதியில் பாட்டிமார் பெயராகக் கூடுதல் காலம் தாக்குப்பிடித்தது. வானத்திலும் ஓரிடம் கிடைத்தது: 1920ல் ஹைடல்பர்க்கில் கண்டறிந்த 936ஆம் எண் சிறுகோளின் பெயர் குனிகுண்டே.

முழுப்பெயர்தான் அருகியது. சுருக்கம் பிழைத்துக்கொண்டது. போலந்திலும் ஹங்கேரியிலும் இன்றும் பெண்களுக்கு வைக்கும் கிங்கா என்ற பெயர் இதே குனிகுண்டேதான். ஹங்கேரி அரசர் நான்காம் பேலாவின் மகள் கிங்கா போலந்துக்கு வாழ்க்கைப்பட்டார். பிறந்த நாட்டு உப்புச் சுரங்கத்தில் தன் மோதிரத்தைப் போட்டுவிட்டு வந்தார், புகுந்த நாட்டில் தோண்டச் சொன்ன இடத்தில் உப்புக்கட்டி கிடைத்தது, உடைத்தால் உள்ளே அந்த மோதிரம் என்பது கதை. போலந்தின் வியெலிச்கா உப்புச் சுரங்கத்தில், தரைக்கு 101 மீட்டர் அடியில் அவர் பெயரில் ஒரு தேவாலயமே இருக்கிறது. சிலைகள், தரை, தொங்குவிளக்கின் பளிங்கு எல்லாம் உப்பு. 1999ல்தான் அவர் புனிதர் பட்டம் பெற்றார்.

இனி தமிழ். பெயரைப் பெயர்க்கலாமா, ஒலிபெயர்க்கலாமா என்பது நமக்குப் பழைய வழக்கு. வீரமாமுனிவர் தேம்பாவணியில் யோசேப்பை வளன் ஆக்கினார். பெருகுதல் என்ற எபிரேயப் பொருளைப் பிடித்துக்கொண்டு தமிழில் ஒரு பெயரையே செய்துவிட்டார். அந்த வழியில் போனால் குனிகுண்டேக்குக் குடி, அமர் என்ற இரண்டு சொற்கள் கிடைக்கும். அமர்க்குடியாள் எனலாம். மறத்தி என்றால் கச்சிதமாகத்தான் இருக்கும், ஆனால் இன்று அது சாதிப்பெயராகவே காதில் விழும், வேண்டாம். உணர்வில் கிட்டே வருவது மூதின்மகள். வீரம் மிக்க பழங்குடியில் பிறந்தவள். புறத்திணையில் அப்படிப்பட்ட பெண்களின் மறத்தைப் பாட மூதின்முல்லை என்று தனித்துறையே உண்டு. பொருள் விளக்கம் கேட்டால் நான் மூதின்மகள் என்றுதான் சொல்வேன்.

எழுதும்போது மட்டும் குனிகுண்டே என்றே எழுதுங்கள். போலந்துக்காரரானால் கிங்கா. ஜெர்மன்காரர்கள் செல்லமாகச் சொல்லும் சுருக்கம் ஒன்று உண்டு, குண்டா. அதை மட்டும் தமிழில் எழுதி வைக்காதீர்கள். பக்கத்தில் அண்டாவைத் தேடுவார்கள்.